வெளிமானும் வேட்டையும்

ஆப்பிரிக்கச் சமவெளியில் சிறுமான்களைத் துரத்தும் சிவிங்கியைப் படங்களில் கண்டு வியக்கிறோம். அதே காட்சி நம் நாட்டிலும் பல நூற்றாண்டுகள் நடைபெற்றது என்பதையும், அங்கே துரத்தப்பட்ட விலங்கு இன்றும் நம் மாவட்டத்தில் வாழ்கிறது என்பதையும் நம்முள் பலர் அறியோம்.

அவ்விலங்கு வெளிமான். இரலை, புல்வாய், திருகுமான் என்றும் வழங்குவர். உண்மையில் இது மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிரும். இதன் முறுக்குக் கொம்போ உதிர்வதில்லை. முதிர்ந்த ஆண் கறுத்திருக்கும். பெண்ணுக்கு வெளிர்பழுப்பு நிறம், பொதுவாகக் கொம்பும் இல்லை.

திறந்த வெளியே இதற்கு அரண். நெடுந்தொலைவிலேயே பகையைக் கண்டுகொள்ளும். ஒன்று துள்ளினால் மந்தை முழுதும் துள்ளி ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் இதற்கு இயலும். பதுங்கிப் பாயும் புலியின் உத்தி இங்கே பயன்படாது. எனவே வேட்டையாட விரும்பியவன் ஒன்று இதனை விஞ்சும் வேகத்தைத் தேட வேண்டும், அல்லது இதனை ஏமாற்ற வேண்டும்.

முகலாயர் இரண்டையும் செய்தனர். சிவிங்கியைப் பிடித்துப் பழக்கி, கண்ணை மூடி, மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்வர். (சிவிங்கியைச் சிறுத்தையோடு குழப்பிக்கொள்ளலாகாது. இரண்டும் வேறு.) மாட்டுவண்டியைக் கண்டு வெளிமான் மிரள்வதில்லை, உழவனின் வண்டி அதற்குப் பழகிய பொருள். மந்தையை நெருங்கியதும் கண்மறைப்பை நீக்கிவிடுவர். சில நூறு மீட்டருக்குள் பிடித்தால் உண்டு. தவறினால் சிவிங்கி மூச்சு வாங்கி நின்றுவிடும். அக்பரிடம் ஆயிரம் சிவிங்கிகள் இருந்தனவாம். மற்றொரு முறை இன்னும் தந்திரமானது. வளர்ப்பு ஆணின் கொம்பில் சுருக்குக் கயிற்றைக் கட்டி அனுப்புவர். தன் எல்லைக்குள் வேற்று ஆண் வருவதைப் பொறாத காட்டு ஆண் மோத வரும். மோதிய கொம்பு சிக்கிக்கொள்ளும். விலங்கின் வீரத்தையே அதற்கு வலையாக்கிய முறை இது!

இவற்றால் இனம் அழிந்துவிடவில்லை. துப்பாக்கியும், பின்னர் ஜீப்பும் வந்தபோதே நிலை மாறியது. அரணாக இருந்த திறந்த வெளியே குறிபார்க்க வசதியாயிற்று. கறுத்த, நீண்ட கொம்புடைய சிறந்த ஆண்களே முதலில் விழுந்தன. புல்வெளிகளும் விளைநிலங்களாயின. சிவிங்கியின் கதி இன்னும் கொடிது. 1947-ல் கோரியா மன்னர் மூன்றைச் சுட்டார். 1952-ல் இந்தியாவில் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவர நேர்ந்தது.

வெளிமான் அந்த அளவுக்குப் போகாமல் தப்பியது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் வைத்து வேட்டையைத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் கோடியக்கரை, கிண்டி, சத்தியமங்கலம் ஆகிய இடங்களில் காணலாம். நமக்கு அண்மையில் இருப்பது வல்லநாடு. திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையருகே 1987-ல் அமைந்த இச்சரணாலயம் 16.41 சதுர கிலோமீட்டரே பரப்புடையது. இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களுள் தென்கோடியில் உள்ளது இதுவே.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. வெளியில் வாழப் பிறந்த விலங்கு வல்லநாட்டில் முட்புதர்க் குன்றில் வாழ்கிறது! சுற்றிலும் வயல், ஊர், நெடுஞ்சாலை. சுடுவார் இல்லாவிடினும் ஓடுவதற்கு வெளி இல்லை. கீழே மேய இறங்கினால் நாய்களும் விரைந்து வரும் வாகனங்களும் உள்ளன. 80 கிலோமீட்டர் வேகம் சிவிங்கிக்கு விடையாக அமைந்தது. லாரிக்கு அது விடையாகாது.

விலங்கியல் மாணவர்கள் அங்குச் செல்வதாயின் காலையிலோ மாலையிலோ செல்க. தனித்து நிற்கும் கறுத்த ஆணைத் தொலைவிலிருந்தே கவனியுங்கள். கண்ணருகே உள்ள சுரப்பியைக் குச்சிகளில் தேய்த்து மணம் பதிக்கும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கையிட்டு எல்லை குறிக்கும். அக்குவியல் இருக்குமிடமே அதன் நாட்டின் நடுவிடம் எனலாம்.