லுட்விக் பெக்: ஓசையில்லாமல் விலகிய தளபதி

கேள்வி: ‘வால்கெய்ரி’ படம் பார்த்தேன். ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்டவர்களில் வயதானவராக வரும் ஜெனரல் பெக், ஹிட்லரின் ராணுவத்திலேயே பெரிய பதவியில் இருந்தவர்தானே? அவரை எப்படி எதிர்ப்பாளர் என்கிறார்கள்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: எதிர்ப்பாளர்தான். ஆனால் 1938க்குப் பிறகு. அதற்கு முந்தைய ஆண்டுகளை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல.

லுட்விக் பெக் 1880இல் ரைன் நதிக்கரையில் உள்ள பீப்ரிக்கில் பிறந்தார். 1898இல் ராணுவத்தில் சேர்ந்து, முதல் உலகப் போரில் தலைமையக அதிகாரியாக இருந்தார். 1916இல் மணந்த மனைவி மறு ஆண்டே இறந்துபோனார். அவர்களுக்கு ஒரே மகள். 1930இல் அவருடைய ரெஜிமென்ட்டைச் சேர்ந்த இளம் அதிகாரிகள் நாஜிப் பிரசாரம் செய்ததாக வழக்கில் சிக்கியபோது, அவர்களுக்காகச் சாட்சி சொன்னார். ஹிட்லர் பதவிக்கு வந்ததையும் மனமார வரவேற்றார்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மன் ராணுவத்தில் 1,00,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. போர்த் திட்டம் வகுக்கும் ‘ஜெனரல் ஸ்டாஃப்’ இயங்கவே கூடாது. ஆனாலும் அது வேறு பெயரில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. 1933இல் அதற்குத் தலைவரான பெக், 1935இல் தடையெல்லாம் தூக்கியெறியப்பட்டபோது வெளிப்படையாகவே ஜெனரல் ஸ்டாஃபின் தலைவரானார். பின்னாளில் ஐரோப்பாவை நசுக்கிய படையை வளர்த்த கைகளில் அவர் கையும் உண்டு.

அப்படிப்பட்டவர் ஏன் மாறினார்? 1938 மே மாதம், செக்கோஸ்லோவாகியாவை அழித்தே தீருவது என்று ஹிட்லர் முடிவெடுத்தார். பிரிட்டனும் பிரான்சும் சும்மா இருக்காது, போர் பரவும், ஜெர்மனி தோற்கும் என்று பெக் குறிப்புக்குமேல் குறிப்பு எழுதினார். அன்று அவரை உலுக்கியது தோல்வி பயம். யூதர்களுக்கு நடந்த கொடுமை அல்ல. இதை மழுப்பக் கூடாது. ஆனால் ஜூலையில் எழுதியவற்றில் குரல் மாறுகிறது. அறிவும் மனசாட்சியும் பொறுப்பும் தடுக்கும் இடத்தில் ஒரு சிப்பாயின் கீழ்ப்படிதல் முடிந்துவிடுகிறது என்கிறார். கலகம், புரட்சி என்பவை ஜெர்மன் சிப்பாயின் அகராதியிலேயே இல்லை என்று சில மாதங்களுக்கு முன் சக ஜெனரல் ஹால்டரிடம் சொன்னவர் இவர். அந்த மனிதர் இவ்வளவு தூரம் வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தளபதிகள் எல்லோரும் ஒன்றாக ராஜினாமா செய்ய வேண்டும் என்று தரைப்படைத் தலைவர் பிராவ்கிட்ச்சிடம் வலியுறுத்தினார். ஆகஸ்ட் 4 அன்று தளபதிகள் கூடினார்கள். போர் வந்தால் நாசம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கூட்டு ராஜினாமா பேச்சைப் பிராவ்கிட்ச் எடுக்கவே இல்லை. பெக் தனியாக விலகினார். செய்தியை வெளியிட வேண்டாம் என்றார் ஹிட்லர். பெக் அதற்கும் தலையாட்டினார். அவர் வாழ்வின் மிகப் பெரிய பிழை இது என்பேன். ஜெனரல் ஸ்டாஃபின் தலைவரே போரை எதிர்த்து வெளியேறினார் என்று அன்றே உலகுக்குத் தெரிந்திருந்தால், லண்டனிலும் பாரிசிலும் கணக்குகள் மாறியிருக்கலாம். செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் முடிந்த பிறகே விஷயம் வெளியே வந்தது.

அதன்பின் சதிகாரர்கள் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். ஹிட்லர் ஒழிந்தால் நாட்டுத் தலைவர் பெக்தான் என்று முடிவானது. 1943இல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டும் அவர் ஒதுங்கவில்லை.

1944 ஜூலை 20 அன்று ராஸ்டன்பர்க்கில் ஹிட்லரின் தலைமையகத்தில் குண்டு வெடித்தது, ஹிட்லர் பிழைத்தார். மாலையில் பெக், சீருடை இல்லாமல் சாதாரண உடையில் பெர்லின் ராணுவத் தலைமையகத்துக்கு வந்தார். ஹிட்லர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி வந்த பிறகும், தொடங்கியதை விடக் கூடாது என்று நின்றார். இரவில் உள்நாட்டுச் சேமப்படைத் தளபதி ஜெனரல் ஃப்ரோமின் கை ஓங்கியது. பெக் தன் கைத்துப்பாக்கியைக் கேட்டுப் பெற்று, இரண்டு முறை சுட்டுக்கொண்டும் உயிர் பிரியவில்லை. வீரர் ஒருவர் சுட்டு முடித்தார். குண்டு வைத்த ஸ்டாஃபென்பர்க்கையும் வேறு மூவரையும் ஃப்ரோமின் உத்தரவுப்படி முற்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். ஃப்ரோமுக்கு இந்தச் சதி முன்பே தெரியும். சாட்சிகள் மிஞ்சக் கூடாது என்றுதான் அவ்வளவு அவசரம். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை: 1945 மார்ச்சில் ஹிட்லரின் அரசு அவரையும் சுட்டுக் கொன்றது.