தலைச்சுற்றலும் காதிரைச்சலும்: அறிந்துகொள்வோம், அஞ்சாதிருப்போம்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் நம் முன்னோர். உடல் நன்றாக இருந்தால்தான் ஆலயத் தொண்டும் அறப்பணியும் நடைபெறும். எங்கள் ஆலயத்தில் பல ஆண்டுகளாக மாலை கட்டிக் கொடுத்துவந்த ஓர் அம்மையார் திடீரென்று வருவதை நிறுத்திக்கொண்டார். விசாரித்தபோது, “தலை சுத்துது சார். சந்நிதியில விழுந்துட்டா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?” என்றார். இன்னோர் அன்பர் பேருந்து நிறுத்தத்தில் தள்ளாடியதைக் கண்டவர்கள், அவர் குடித்திருப்பதாகவே பேசிவிட்டார்கள். அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர். இத்தகையோருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இதே தொல்லையோடு வாழ்ந்து வருபவன் என்பதால், படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெளிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

சொல்லும் பொருளும்

தமிழில் இதற்குப் பல சொற்கள் உள்ளன. அறையே சுழல்வது போலிருந்தால் தலைச்சுற்றல். கண் இருண்டு விழப்போவது போலிருந்தால் மயக்கம். படகில் நிற்பது போல் ஆடினால் தள்ளாட்டம். மண்டைக்குள் பஞ்சு அடைத்தாற்போல், தெரிந்த பெயர்கூட நாவில் வராமல், படித்த வரியையே திரும்பப் படிக்க நேர்ந்தால் அது மந்தம். இவற்றுக்குக் காரணங்கள் வெவ்வேறு.

நாமோ கிளினிக்கில் எல்லாவற்றுக்கும் சேர்த்து “பெனிங்” என்று ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். மலாய் மொழியில் அச்சொல் தலைவலியையும் குறிக்கும், தலைச்சுற்றலையும் குறிக்கும். பனடோல் மாத்திரையோடு வீடு திரும்புவோர் பலர். எனவே சுழல்கிறதா, இருள்கிறதா, ஆடுகிறதா, மந்தமாக உள்ளதா என்று பிரித்துச் சொல்வதே சிகிச்சையின் முதற்படியாகும்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

காது கேட்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. உட்செவியில் நத்தைக் கூடு போன்ற பகுதி ஒலியை உணர்கிறது. அதை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் உள்ள திரவம், தலை திரும்பும்போது அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போன்றது இது. அருகிலுள்ள இரு சிறு பைகளில் நுண்ணிய துகள்கள் உள்ளன. பத்துமலைச் சுண்ணாம்புப் பாறை எந்தப் பொருளால் ஆனதோ, அதே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை இத்துகள்கள்.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, கால்களின் உணர்ச்சி ஆகிய மூன்றும் சாட்சி சொல்ல வேண்டும். மூன்று சாட்சிகளும் ஒன்றுபோல் சொன்னால் மூளைக்கு வேலை எளிது. ஒன்று மாற்றிச் சொன்னால் குழப்பம், அக்குழப்பமே தலைச்சுற்றல். விழாமல் நிற்பதற்கே மூளை தன் கவனத்தைச் செலவிட்டுவிட்டால், நினைவுக்கும் சிந்தனைக்கும் மிஞ்சுவது குறைவு. காதுக் கோளாறு உள்ளவருக்குப் புத்தியும் மந்தமாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

முன்பு தலைச்சுற்றலை மூளை நோயாகவே கருதினர். 1861இல் பாரிஸ் நகர மருத்துவர் புரோஸ்பர் மெனியர், அது காதிலிருந்தும் வரும் என்று எடுத்துரைத்தார். வியன்னாவில் பிறந்த ராபர்ட் பாரணி, காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் கண்மணிகள் ஒரு திசையிலும், வெந்நீரைச் செலுத்தினால் எதிர்த் திசையிலும் துடிப்பதைக் கண்டு ஆராய்ந்தார். 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி எட்டியபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

எவ்வளவு நேரம் நீடிக்கிறது?

மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்வி இது.

1. ஒரு நிமிடத்திற்கும் குறைவு: படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சுழன்று, பின் அடங்கினால், மேற்சொன்ன துகள்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் விழுந்திருக்கக்கூடும். தலையை முறைப்படி திருப்பிப் படுக்க வைத்து, துகள்களைப் பழைய இடத்திற்கே கொண்டுவரும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்டார். மருந்தில்லை, கத்தியில்லை, சில நிமிட வேலை. பலருக்கு ஓரிரு முறையிலேயே குணமாகிறது. கழுத்து வலி உள்ளவர்கள் தாமாகச் செய்து பார்க்காமல் பயிற்சி பெற்றவரிடமே செய்துகொள்ள வேண்டும்.

2. 20 நிமிடம் முதல் சில மணி நேரம்: கூடவே ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குதல் ஆகியவை இருந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

3. சில நாட்கள் விடாமல்: காது நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஆயினும் பக்கவாதமும் இப்படித் தொடங்கக்கூடும் என்பதால், மருத்துவரே பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

4. எழுந்து நிற்கும்போது மட்டும்: இரத்த அழுத்தம் திடீரென இறங்குவதால் இருக்கலாம். அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

5. வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல், விட்டுவிட்டு வருவது: ஒற்றைத் தலைவலியின் மறுவடிவமாக இருக்கலாம். அந்நேரத்தில் தலைவலி இல்லாமலும் வரும்.

6. மூன்று மாதங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டம்: கடைத்தெருக் கூட்டத்திலும் பேரங்காடியிலும் கூடும். பாரணியின் பெயரால் அமைந்த உலக மருத்துவச் சங்கம் 2017இல் இதற்கு இலக்கணம் வகுத்தது. இது மனப்பிரமை அன்று. மூளை சமநிலை காக்கும் முறையில் ஏற்பட்ட கோளாறு.

புத்தி மந்தத்திற்கு இரத்தச்சோகை, தைராய்டு குறை, சர்க்கரை ஏற்ற இறக்கம், உறக்கமின்மை, குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் காரணமாகலாம். பால், தயிர்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவினருக்கு பி12 உயிர்ச்சத்துக் குறையலாம். இவற்றை இரத்தப் பரிசோதனையும் உறக்கப் பரிசோதனையும் காட்டிவிடும். மருத்துவரிடம் செல்லும்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம்.

தாமதிக்கக் கூடாதவை

முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் மரத்தல், பார்வை இரட்டையாதல், நடக்கவே இயலாமை, இதுவரை அறியாத கடும் தலைவலி, நெஞ்சுவலி, நினைவிழத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தலைச்சுற்றலோடு சேர்ந்தால் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விபூதி பூசி வேண்டிக்கொள்வது நல்லதே. ஆம்புலன்சை அழைத்துவிட்டு வேண்டிக்கொள்வோம்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால்?

எனக்கு இரத்தப் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை, ஸ்கேன் ஆகிய அனைத்தும் எடுத்தார்கள். எல்லாம் “நார்மல்”. ஆனால் காதில் சுவர்க்கோழி கத்துவது நிற்கவில்லை. தலையில் மூட்டமும் விலகவில்லை. இந்நிலையில் உள்ளவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்கு, கட்டி, இரத்தக்கசிவு போன்ற பெரிய ஆபத்துகள் தென்படவில்லை என்பதே பொருள். அது நிம்மதி தரும் செய்தி. உபாதையே இல்லை என்பது அதன் பொருளன்று. பெயர் வைக்காத குழந்தையும் அழத்தான் செய்யும்.

பெயர் தெரியாவிட்டாலும் செய்யக்கூடியவை பல உண்டு. நான் கடைப்பிடித்துப் பயன் கண்டவை இவை:

குறிப்பேடு. நாள், நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் நீடித்தது, காது எப்படி இருந்தது, முந்தைய இரவு உறக்கம் ஆகியவற்றை ஒரு பள்ளிப் புத்தகத்தில் எழுதிவந்தேன். உறக்கம் கெட்ட மறுநாள் மூட்டம் அதிகம் என்பது இரண்டு மாதங்களில் புலப்பட்டது. மருத்துவரும் அதை ஆர்வத்தோடு படித்தார்.

நடை. தலைசுற்றுகிறது என்று படுத்தே கிடந்தால் மூளை புதிய சமநிலையைக் கற்காது. 1940களில் இங்கிலாந்தில் காவ்தோர்ன், குக்சி என்னும் இருவர் இதற்கென்று தலை, கண், நடைப் பயிற்சிகளை வகுத்தனர். இன்றைய பயிற்சிகளுக்கு அவையே முன்னோடி. இயன்முறை மருத்துவரிடம் கற்றுச் செய்யலாம். முதலில் தலைசுற்றல் சற்றுக் கூடும், பிறகு குறையும். சுற்றலை அடக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் முதற்சில நாட்களுக்கே உரியவை. நெடுநாள் உண்டால் மூளையின் பழக்கத்தைத் தாமதப்படுத்தும்.

ஒன்றன்பின் ஒன்று. கணக்கு, கடிதம் போன்றவற்றைத் தலை தெளிந்திருக்கும் காலையில் முடித்துவிடுகிறேன். அன்னதானக் கணக்கை இப்போது நானும் இன்னொரு குழு உறுப்பினரும் சேர்ந்தே சரிபார்க்கிறோம்.

இரைச்சல். முழு அமைதியில் இரைச்சல் பெரிதாகும். இரவில் மின்விசிறி ஒலியோ மெல்லிய பக்திப் பாடலோ ஓடட்டும். காதில் ஊக்கு, கொண்டை ஊசி விட்டுக் குடைவதும், காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் கூடவே கூடாது.

ஆலயத்தில் கவனிக்க வேண்டியவை

கண்களை மூடி, கால்களைச் சேர்த்து, கைகளைத் தலைக்குமேல் குவித்துக் கும்பிடுவது நம் வழக்கம். கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லித்தான் மருத்துவர்களும் சமநிலையைச் சோதிக்கிறார்கள். கண்ணை மூடினால் மூன்று சாட்சிகளில் ஒன்று குறைந்துவிடுகிறதல்லவா? ஆகவே தலைசுற்றல் உள்ளவர்கள் கால்களைச் சற்று அகற்றி, தூணருகே நின்று, கண்திறந்தே கும்பிடலாம். இறைவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கும்பாபிஷேகத்தின்போது கலசத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்ப்பதும், அட்டாங்க நமஸ்காரத்திலிருந்து விரைந்து எழுவதும், வேகமாகத் தோப்புக்கரணம் போடுவதும் சுற்றலைத் தூண்டும். தள்ளி அமர்ந்து பார்க்கலாம். நமஸ்காரத்திற்குப் பின் சற்று உட்கார்ந்து எழலாம். தவில், நாதஸ்வரம், ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகில் நெடுநேரம் நிற்க வேண்டாம். விரத நாட்களில் நீர் அருந்தத் தவறக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே விரதமிருக்க வேண்டும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படியேறுவோர் கைப்பிடியை ஒட்டி, துணையோடு ஏறுவது நலம்.

ஆலயங்களும் செய்யக்கூடியது உண்டு. ஒவ்வொரு சந்நிதி அருகிலும் சில நாற்காலிகள், படிகளுக்குக் கைப்பிடி, ஈரத்தை உடனே துடைக்கும் ஏற்பாடு ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. கொடையாளர்கள் இதையும் திருப்பணியாகக் கருத வேண்டுகிறேன்.

குடும்பத்தாரின் பங்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நான்காம் கூறு நாம்தான். வெளியே காயமில்லாத நோய் இது. “ஆளு நல்லாத்தானே இருக்காரு” என்ற ஒரு சொல், நோயை விடக் கூடுதலாக வலிக்கும். “செய்வினை” என்று சொல்லி ஊர் ஊராய் அழைத்துச் சென்று பணத்தை இழப்பதும் வேண்டாம். கையைப் பிடித்து மெதுவாக நடந்தாலே போதும்.

அந்த அம்மையார் இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாற்காலியில் அமர்ந்தபடி மாலை கட்டுகிறார். தலைசுற்றல் முற்றிலும் நீங்கிவிடவில்லை, அச்சம் நீங்கிவிட்டது. உங்கள் வீட்டிலோ அண்டை அயலிலோ இப்படி ஒருவர் ஒதுங்கியிருந்தால், மருத்துவரிடம் ஒருமுறையும் ஆலயத்திற்கு ஒருமுறையும் அழைத்துச் செல்லுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், நோய் வந்தவர்க்குத் தளராத மனத்தையும் தந்தருள்வானாக. வாழ்க வளமுடன்.