கடைக்கும் கிடங்குக்கும் வைஃபை: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



தராசும் கல்லாப்பெட்டியும் இருந்தால் வியாபாரம் நடந்த காலம் மாறிவிட்டது. பில் போடும் கணினி, கார்டு இயந்திரம், கிடங்கில் சரக்கு எண்ணும் ஸ்கேனர், கண்காணிப்புக் கேமரா எல்லாமே இணைப்பை நம்பி நிற்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர் இன்னொரு வணிகருக்கு விற்றால் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. இணைப்பு அறுந்தால், சரக்கு ஏற்றிய லாரி பில்லுக்காக வாசலில் காத்து நிற்கும். ஆகவே வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்குவதுபோல இதை வாங்கலாகாது. விற்க வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவற்றைக் கீழே தருகிறேன்.

1. சரக்கு நிறைந்த நாளில் அளக்கச் சொல்லுங்கள்

வைஃபை என்பது ஒருவகை வானொலி அலைதான். தகரத்தில் பட்டால் திரும்பிவிடும். ஈரப்பதம் உள்ள பொருளில் பட்டால் வலுவிழக்கும். எண்ணெய் டின்களை அடுக்கி வைத்தால் அது அலைக்கு இரும்புச் சுவர். அரிசி, பருப்பு மூட்டைகள் கூரை வரை ஏறினாலும் அலை குறையும். எங்கள் மளிகைக் கிடங்கில், சரக்கு இறங்கி அடுக்கிய பிறகுதான் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காலிக் கிடங்கைப் பார்த்து இரண்டு பெட்டி போதும் என்றவர், அன்று அளந்து பார்த்து மூன்று வேண்டும் என்றார்.

2. கேபிள் இழுக்கும் செலவுக்குத் தயங்காதீர்கள்

கேபிள் இழுக்காமல், அலையை வாங்கித் திரும்ப வீசும் ரிப்பீட்டர் பெட்டியை மாட்டித் தருகிறேன் என்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கவும் வீசவும் செய்யும் பெட்டியில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிள் இருப்பதே உறுதி. சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை ஓடும். அதே கேபிளில் மின்சாரமும் போகும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். இருந்தால் கூரையில் தனியாக பிளக் பாயின்ட் வேண்டியதில்லை.

3. தூரத்தை மட்டும் கேட்காதீர்கள்

எத்தனை அடி எட்டும் என்பதோடு, எத்தனை கருவிகளைத் தாங்கும் என்றும் கேட்க வேண்டும். ஒரு அலைவரிசையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை முறை வரும் வரை காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. கடைவீதியில் பக்கத்துக் கடைகள் எல்லாம் அதே தடங்களில்தான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், வேகமும் அதிகம், தூரம் குறைவு. இரண்டும் உள்ள பெட்டியையே வாங்குங்கள்.

4. வாடிக்கையாளர் வழி வேறு, கல்லா வழி வேறு

அமெரிக்காவில் டிஜேஎக்ஸ் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்துக்கு நேர்ந்தது நமக்கும் பாடம். 2005-ஆம் ஆண்டு, கடைக்கு வெளியே இருந்தபடியே அதன் வைஃபையில் சிலர் நுழைந்தார்கள். அங்கே போட்டிருந்தது டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு. அதை உடைக்க முடியும் என்று 2001-லேயே ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். கடையில் நுழைந்தவர்கள் தலைமைக் கணினி வரை போய்விட்டார்கள். 2006 டிசம்பரில்தான் நிறுவனத்துக்குத் தெரிந்தது. குறைந்தது 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்கள் களவு போயின என்று 2007-இல் அந்த நிறுவனமே அறிவித்தது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. பூட்டு புதியதாக இருக்க வேண்டும். டபிள்யூபிஏ3 முறை 2018-இல் வந்தது, அதற்கு ஒத்துவராத பழைய கருவிகளுக்கு டபிள்யூபிஏ2-ஆவது இருக்க வேண்டும். அடுத்தது, ஓர் அறையில் நுழைந்தவன் அடுத்த அறைக்குப் போக முடியாதபடி தடுப்பு வேண்டும். பில் கணினிக்கு ஒரு வழி, கேமராவுக்கு ஒரு வழி, வாடிக்கையாளருக்கு ஒரு வழி என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

5. சாவி யார் கையில்?

கடை முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு, அதையும் சுவரில் எழுதி ஒட்டுவது பல கடைகளில் வழக்கம். வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் தரும் வசதி இருந்தால், போனவருடையதை மட்டும் நீக்கினால் போதும். பெட்டியின் அமைப்பையே மாற்றும் தலைமைப் பாஸ்வேர்டு, மாட்டிக் கொடுத்தவரிடம் தங்கிவிடக் கூடாது. வேலை முடிந்த அன்றே முதலாளி அதை மாற்றித் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லாச் சாவியைக் கொல்லனிடம் விட்டுவைப்போமா?

6. மின்சாரமும் மாற்று வழியும்

கணினிக்கு யுபிஎஸ் போட்டு, இணைப்புப் பெட்டிக்குப் போடாவிட்டால் பயன் இல்லை. இரண்டாவது இணைப்பு வாங்கினால் வேறு நிறுவனத்திடம், வேறு பாதையில் வாங்குங்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால், கம்பம் சாயும்போது இரண்டும் சேர்ந்தே போகும். சிறு கடைக்கு சிம் கார்டில் இயங்கும் மாற்று வழியே போதும்.

7. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்

சில கருவிகளுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. கட்டத் தவறினால் வேலை செய்யாது. ஆகவே ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்ற இரண்டும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஒற்றை அறைக் கடைக்கு இத்தனையும் தேவையில்லை. நல்ல பெட்டி ஒன்று, தனி விருந்தினர் வழி, முதலாளி கையில் பாஸ்வேர்டு என்ற மூன்றும் போதும். கிடங்கும் கிளையும் உள்ளவர்கள் ஏழையும் பாருங்கள். கடனுக்குச் சரக்கு வாங்குபவரின் கணக்கு முழுதும் இன்று நம் கணினியில் இருக்கிறது. நம்மை நம்பித் தந்த கணக்கு அது. அதைக் காப்பதும் வியாபார நாணயமே.