பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.யும் கற்றல் குறைபாடும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்பது பிள்ளைகளின் சேட்டை. மீசை முளைத்தால் போய்விடும்.

உண்மை: பலருக்குப் போவதில்லை. ஓட்டமும் துள்ளலும் அடங்கலாம். கவனம் நிலைக்காமையும், மறதியும், எடுத்த வேலையை முடிக்க முடியாமையும் நீடிக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, 17 வயது நிரம்பியவர்களுக்கு இதைக் கண்டறிய 5 அறிகுறிகள் போதும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். பெண் குழந்தைகளிடம் துள்ளல் பெரும்பாலும் குறைவு என்பதால், அவர்களில் பலரின் சிக்கல் பள்ளியில் யார் கண்ணிலும் படுவதில்லை.

நம்பிக்கை: எழுத்துக் கூட்டத் திணறுபவர் மக்கு, இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகாதவர்.

உண்மை: தருமபுரி மாவட்டத்தில் கற்றல் குறைபாட்டையும் படிக்க வாய்ப்பில்லாமையையும் பிரித்தறிவது கடினம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 68.54 விழுக்காடு; தமிழக மாவட்டங்களில் அதுவே கடைசி. படிக்கும் வாய்ப்பே கிடைக்காதவருக்கு இருப்பது கற்றல் குறைபாடு அல்ல. ஒழுங்காகப் பள்ளிக்குப் போய், பார்வையும் அறிவும் சரியாக இருந்தும் வாசிப்போ எழுத்தோ கணக்கோ பிடிபடாமல் இருப்பதே அது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு அனுப்பிய வீட்டில் இந்த வேறுபாட்டைக் கவனிக்க ஆளில்லை. ‘படிப்பு ஏறல’ என்று பாதியில் நின்றவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார். கம்பி கட்டும் அளவை மனக்கணக்காகவே போடும் அவர், வங்கியில் சலானைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, “கண்ணாடி எடுத்தாரல” என்கிறார். தானே எழுதினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறிவிடும். இதில் அறிவுக் குறைவு துளியும் இல்லை.

நம்பிக்கை: மனச்சோர்வும் குடியும் வேறு நோய்கள், அவற்றுக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் தொடர்பில்லை.

உண்மை: மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் ஆகியவை ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். ‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லாதவன்’ என்று சிறு வயதிலிருந்தே கேட்டவர் அதை நம்பிவிடுகிறார். குடியை மட்டும் நிறுத்தி, அடியில் இருப்பதைப் பார்க்காமல் விட்டால் வேலை மறுபடியும் கைநழுவலாம். மருத்துவர் பள்ளிக் காலத்தையும் கேட்டறிய வேண்டும். தாயோ அண்ணனோ உடன் வந்தால் அந்த விவரம் கிடைக்கும்.

நம்பிக்கை: இவற்றுக்குச் சிகிச்சையும் இல்லை, உரிமையும் இல்லை.

உண்மை: ஏ.டி.எச்.டி.க்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் உண்டு. கற்றல் குறைபாட்டுக்கு மருந்தில்லை. பயிற்சியும் ஏற்ற வசதிகளும் உதவும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. அது சரிசெய்யப்பட வேண்டிய விடுபடல். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.