குறைந்த எடை எங்கே போயிற்று?

கடையில் சரக்கு குறைந்தால் முதலில் சிப்பந்தியின் மீதுதான் நம் ஐயம் பாய்கிறது. ஆனால் எவரும் எடுக்காமலே எடை குறையும் சரக்கும் உண்டு. ஆப்பச் சோடாவைக் கொண்டு அதன் கணக்கைப் படிப்போம்.

சலவைச் சோடா தேவைப்பட்டு, 8,400 கிராம் ஆப்பச் சோடாவைச் சிப்பந்தியிடம் கொடுத்து, வாணலியில் நன்கு சூடேற்றச் சொன்னோம் என்று வைத்துக்கொள்வோம். அது சிதைந்து உலர்ந்த சலவைச் சோடாவாகும். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறும். மீந்த தூளை நிறுத்தால் 5,300 கிராம்தான் இருக்கிறது. மீதி 3,100 கிராம் எங்கே?

எடையைப் பார்க்குமுன் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். நாம் பென்சிலை டஜன் கணக்கில் எண்ணுவது போல, இரசாயன அறிஞர்கள் கண்ணுக்குப் புலப்படாத நுண்கூறுகளை ‘மோல்’ கணக்கில் எண்ணுகின்றனர். ஒரு மோல் என்பது ஏறத்தாழ 6,022 என்று எழுதி, அதன்பின் 20 சுழிகள் இட்ட எண். 2019-ஆம் ஆண்டு முதல் இவ்வெண் முத்திரையிட்ட படிக்கல் போல நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது.

ஒரு டஜன் பென்சிலும் ஒரு டஜன் தேங்காயும் எடையில் ஒன்றாகா. அவ்வாறே ஒரு மோல் ஆப்பச் சோடா 84 கிராம், சலவைச் சோடா 106, நீர் 18, கரியமில வாயு 44.

இனி விகிதம். 2 மோல் ஆப்பச் சோடா சிதைந்தால் மற்ற மூன்றும் ஒவ்வொரு மோல் கிடைக்கும். நாம் இட்டது 8,400-ஐ 84-ஆல் வகுக்க 100 மோல். ஆகவே கிடைப்பது ஒவ்வொன்றிலும் 50 மோல்:

சலவைச் சோடா 50 × 106 = 5,300 கிராம்
நீராவி 50 × 18 = 900 கிராம்
கரியமில வாயு 50 × 44 = 2,200 கிராம்

கூட்டினால் 8,400. வரவும் செலவும் நேராயின!

விகிதத்தை மறந்து, 100 மோலுக்கு 100 மோல் என்று எழுதினால், சலவைச் சோடா மட்டுமே 10,600 கிராம் என வரும். இட்டதைவிடப் பெற்றது மிகுதி! இத்தகைய பேரேட்டை எந்த முதலாளி ஒப்புவார்?

தூளின் எடை 6,000 கிராம் இருந்தால் இலாபமென்று மகிழலாகாது. சூடு போதாமல் சிதையாத சோடா கலந்திருக்கிறது. சரக்கு தூயதாகவும் உலர்ந்ததாகவும் இருந்து, 5,300-க்கும் குறைந்தால்தான் சிந்தியதா என்று சிப்பந்தியைக் கேட்க நமக்கு நியாயமுண்டு.

ஆப்பச் சோடா 50 பாகை செல்சியசுக்கு மேல் மெல்லச் சிதையத் தொடங்கும். எனவே டப்பாவை அடுப்பருகே வையாதீர்கள். கணக்குப் பாராமல் ஒருவர் மீது பழி சுமத்துவதும் வேண்டாம்.