வண்டியில் இருப்பது ஏபிஎஸ்ஸா, சிபிஎஸ்ஸா?



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எம்.கே.பி. நகரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சாலை வழுக்கும். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் லாரிகள் சிந்திய டீசலும் ஆயிலும் தூசியோடு சேர்ந்து தார்மேல் படிந்திருக்கும். முதல் மழை அதைக் கழுவிவிடுவதில்லை, மேலே மிதக்க வைக்கிறது. காசிமேடு பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீர் வேறு. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் ஏற்றிச் செல்வதும், நம் வாலிபர்கள் டெலிவரி வேலை பார்ப்பதும் இதே சாலைகளில்தான். (தெருவில் ஆயில் சிந்தியிருப்பதைக் கண்டால் ஒரு சட்டி மண்ணைத் தூவிவிடுங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்பதை அறிந்தவர்கள்தானே நாம்.)

“புது வண்டிதானே, ஏபிஎஸ் இருக்கும்” என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்கிறோம். பெரும்பாலும் அது தவறு. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்குத்தான் ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு சிபிஎஸ் இருந்தாலே போதும் என்றது அந்த விதி. நம் தெருக்களில் நிற்கும் ஸ்கூட்டர்களில் அநேகம் இந்த இரண்டாவது வகை. கம்பெனியைப் பொறுத்து ஐபிஎஸ், எஸ்பிடி என்றும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். பெயர் வேறானாலும் வேலை ஒன்றுதான்: பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது.

ஏபிஎஸ் தடுப்பது அந்தப் பூட்டுதலைத்தான். உருளும் டயர் சாலையைப் பிடித்திருக்கும், திருப்பினால் திரும்பும். உருளாமல் நின்றுபோன டயர் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டே போகும், ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை. ஏபிஎஸ் வண்டியில் சக்கரத்தோடு ஒரு பல் வளையம் சுற்றும். பக்கத்திலுள்ள சென்சார் அதன் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் சட்டென்று நிற்கப்போனால், பிரேக் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி மறுபடி பிடிக்கும். வினாடிக்குப் பல முறை இது நடப்பதால் லீவரோ பெடலோ கையில், காலில் அதிரும். பிரேக் கெட்டுவிட்டது என்று பயந்து விட்டுவிடாதீர்கள். விட்டு விட்டுப் பிடிக்கும் வேலையை வண்டியே செய்கிறது, நீங்கள் உறுதியாகப் பிடித்தபடி வண்டியைத் திருப்பிச் செலுத்துங்கள்.

பல பைக்குகளில் இருப்பது ‘சிங்கிள் சேனல்’, அதாவது முன்சக்கரத்துக்கு மட்டும். “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்” என்று பெரியவர்கள் சொல்லித் தந்தது அந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. அதில் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால்தான் வண்டியின் வால் சறுக்கும். சிபிஎஸ் ஸ்கூட்டர்காரர்கள் இரண்டு லீவரையும் சேர்த்து, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். சக்கரம் வழுக்குவது தெரிந்தால் சற்றுத் தளர்த்தி மறுபடி பிடிக்க வேண்டும்.

ஏபிஎஸ் இருந்தால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும் என்ற எண்ணமும் ஆபத்தானது. மணலிலும் சரளையிலும் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். வளைவில் சாய்ந்திருக்கும்போது பிடித்தால் சாதாரண ஏபிஎஸ் காப்பாற்றாமலும் போகலாம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். தேய்ந்த டயருக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது கிளம்பும்போது உதவுவது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்ததும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால், அதே சென்சார்கள் கண்டுபிடித்து இன்ஜின் சக்தியைக் குறைக்கும். பல கார்களிலும் சில பைக்குகளிலும் இருக்கிறது. சேற்றில் கார் சிக்கிக்கொண்டால் மட்டும் அதை அணைத்துவிட்டு முயலலாம், வெளியே வந்ததும் போட்டுவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரிலுள்ள ஏபிஎஸ் விளக்கைக் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிய வேண்டும், வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் வேலை செய்யாது. சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றி மறைத்திருக்கிறார்களா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மழைக்கு முன், காய்ந்த தரையில், ஆளில்லாத இடத்தில், ஹெல்மெட் போட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய் முன் பிரேக்கை உறுதியாகப் பிடித்துப் பாருங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு மட்டும் இது. அந்த அதிர்வு ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால், மழையில் அது வரும்போது கை தானாக பிரேக்கை விடாது.