சொல்ல அஞ்சும் எண்ணங்கள்

பெற்ற தந்தைக்குத் தீங்கு நேரட்டும் என்றோர் எண்ணம் மனத்தில் எழுந்தால், அதை யாரிடம் சொல்வது? பெரும்பாலோர் எவரிடமும் சொல்வதில்லை. இரவெல்லாம் அஞ்சி, பகலெல்லாம் பரிகாரம் தேடி, ஆண்டுகள் பல கழிந்த பின்னரே எம்மிடம் வருகின்றனர். அத்தகையோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பயன்படும் எனக் கருதி, மருத்துவ வரலாற்றில் பதிவான ஒருவரின் வாழ்வை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

1907 அக்டோபரில், வியன்னா நகரில், சட்டம் பயின்ற 29 வயது இளைஞர் ஒருவர் டாக்டர் சிக்மண்ட் ஃபிராய்டை நாடி வந்தார். தம் தந்தைக்கும் தாம் நேசித்த பெண்ணுக்கும் கொடிய தீங்கு நேரும் என்ற அச்சம் அவரை வாட்டியது. தந்தையோ சில ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். அச்சம் அறிவுக்குப் பொருந்தாதது என அறிந்தும் அவரால் விடுபட முடியவில்லை. ஒருநாள், அப்பெண்ணின் வண்டி மோதிவிடக் கூடாதே என்று சாலையில் கிடந்த கல்லை அகற்றினார். சற்று நேரத்தில் அது பேதைமை என்று தோன்றவே, திரும்பிச் சென்று கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மனத்தில் தோன்றுவது அற்பமாயினும் வெட்கத்துக்குரியதாயினும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே அச்சிகிச்சையின் விதி. மெல்ல மெல்ல அவர் சொன்னார். 12 வயதில் ஒரு சிறுமியின் பரிவுக்கு ஏங்கியபோது, தந்தை இறந்தால் அவள் இரக்கம் காட்டுவாள் என்ற நினைவு மின்னியதாம். பின்னாளில், தந்தை மறைந்தால் சொத்து வரும், விரும்பியவளை மணக்கலாம் என்ற நினைவும் வந்ததாம். தந்தையின் உயிர் பிரிந்த வேளையில் தாம் சிறிது உறங்கிவிட்டதற்காக அவர் தம்மைக் குற்றவாளியாகவே கருதிவந்தார்.

அவர் தந்தையை நேசிக்கவில்லையா? மிகவும் நேசித்தார். அதனாலேயே அவர்மீதிருந்த சினத்தை ஒப்புக்கொள்ள இயலவில்லை என்பது ஃபிராய்டின் விளக்கம். கல்லை அகற்றிய கையும் மீண்டும் வைத்த கையும் ஒன்றே. சிகிச்சையால் அவர் நலம் பெற்றதாக ஃபிராய்டு பதிவு செய்துள்ளார். பின்னர் முதல் உலகப் போரில் அவர் உயிரிழந்தார்.

ஃபிராய்டின் முடிவுகள் அனைத்தையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அவ்விளைஞரிடம் காணப்பட்டதை இன்று எண்ணச் சுழற்சி நோய் என்கிறோம். இந்நோயில் வரும் கொடிய எண்ணங்களை மறைந்த ஆசைகளாக நாங்கள் கொள்வதில்லை. அத்தகைய எண்ணங்கள் நலமுடையோர் மனத்திலும் தோன்றி மறைபவையே. அவற்றுக்கு அஞ்சி, பரிகாரம் செய்து விரட்ட முயல்வதே நோய்க்கு வலுவூட்டுகிறது. எனவே, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு பரிகாரச் செயல்களைத் தவிர்க்கப் பழக்குகிறோம். தேவைப்படுவோர்க்கு, மூளையின் செரட்டோனின் மீது செயல்படும் மருந்துகளும் தருகிறோம். அவற்றின் பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். மருத்துவரைக் கேளாமல் நிறுத்துதல் கூடாது.

ஆயினும் அவ்விளைஞரிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. அன்பும் சினமும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே வாழும். நோயுற்ற பெற்றோரை நெடுநாள் பராமரிப்போர், ‘இது எப்போது முடியும்’ என்று எண்ணிவிட்டு, அவ்வெண்ணத்துக்காகவே குமைவதை வார்டுகளில் காண்கிறோம். எண்ணியது செய்ததாகாது. அதைத் தீர்ப்பளிக்காத ஒருவரிடம் சொல்லிவிடுவதே முதல் ஆறுதல்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்: சொன்னவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், சத்தியம் கேட்காதீர்கள். ‘ஒன்றும் ஆகாது’ என்று ஓயாமல் உறுதி கூறுவதும் பரிகாரமாகிவிடும். அதை எப்படிக் குறைப்பது என்பதை எம்மிடம் கேட்டறியுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

எம்மிடம் எதைச் சொன்னாலும், அது நாங்கள் முன்பு கேட்டிராத ஒன்றாக இருக்காது. அஞ்சாமல் வாருங்கள்.